மேற்கு வெயில் விழும் மதிலோரத்துக்குக் கல்வாழையா, ஹெலிகோனியாவா?

காவிரிக்கரை_வீடு

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் புது வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்கு மேற்கே மதிலை ஒட்டி 22 அடி நீளம், 3 அடி அகலத்துக்கு மண்ணாகவே விட்டு வைத்திருக்கிறோம். கட்டட வேலை நடந்தபோது அங்கேதான் கலவை போட்டார்கள், அதனால் மேலே கிடந்த ஜல்லியையும் சிமென்ட் கட்டியையும் பொறுக்கி எடுத்துவிட்டு, செம்மண்ணும் எட்டு மூட்டை தொழுவுரமும் போட்டுக் கொத்தி வைத்திருக்கிறேன்.

வருஷா வருஷம் விதை வாங்கிப் போடுகிற பூச்செடி வேண்டாம், ஒருமுறை வைத்தால் பல வருஷம் நிற்க வேண்டும் என்று யோசித்ததில் கடைசியில் இரண்டு செடிதான் மிஞ்சியது. ஒன்று கல்வாழை. சின்ன வயதில் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ரயில் நிற்கிற ஸ்டேஷனில் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் கல்வாழை நிற்கும், அம்மா ஜன்னல் வழியாகக் காட்டுவார், அந்த ஆசை இன்னும் போகவில்லை. இன்னொன்று ஹெலிகோனியா. போன மாதம் நர்சரியில் ஆரஞ்சு கலந்த மஞ்சளில் ஒன்றைப் பார்த்தேன், பிளாஸ்டிக்கில் செய்து வைத்தது போல அப்படி ஒரு பளபளப்பு. அங்கிருந்தவர் அதைச் சொர்க்கப் பறவைப் பூ என்றார், கல்வாழையெல்லாம் பழைய காலத்துச் செடி, இதை வையுங்கள் என்றும் சொன்னார்.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதியம் பன்னிரண்டரைக்கு ஆரம்பிக்கிற வெயில் ஆறு மணி வரை நேராக விழும். வடக்கு மூலையில் மட்டும் பக்கத்து வீட்டு மாமர நிழல் மூன்று மணிக்கு மேல் வரும், அது ஒரு நாலைந்து அடிதான். தண்ணீர் போர் தண்ணீர், வாளியில் ஒரு வாரம் நின்றால் வெள்ளையாகப் படிந்துவிடும். இரண்டையும் வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எது நிற்கும், எதற்கு வேலை அதிகம், புதர் மாதிரி அடர்ந்தால் பாம்பு வந்து தங்குமா என்று மாமியார் வேறு பயப்படுகிறார்.

கடற்கரை_மாடி

சென்னையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். ஹெலிகோனியா வைத்தேன், செத்துப் போகவில்லை, ஆனால் இலை ஒன்றுகூட முழுசாக நிற்காது. காற்று அடித்தால் வாழை இலை மாதிரி நார் நாராகக் கிழிந்துவிடும், மே மாதத்தில் ஓரமெல்லாம் கருகிப் பழுப்பாகத் தொங்கும். பூ நன்றாகத்தான் இருக்கிறது, செடியைத்தான் பார்க்க முடியவில்லை. கல்வாழை அதே வரிசையில் இருக்கிறது, அதற்கும் இலை கிழியும் என்றாலும் வெட்டிவிட்டால் பதினைந்து நாளில் புதிது வந்துவிடுகிறது. என் ஓட்டு கல்வாழைக்கு.

குமரி_மண்

சகோதரி, நான் நாகர்கோவில் பக்கம், இரண்டும் ஒன்பது வருஷமாக வளர்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். சொர்க்கப் பறவைப் பூ என்பது ஸ்ட்ரெலிட்சியா, அது தென்னாப்பிரிக்கச் செடி, பூ ஒரு பறவையின் தலை மாதிரி கிடைமட்டமாக நிற்கும், ஆரஞ்சு இதழுக்கு நடுவில் நீலம் இருக்கும். நீங்கள் பார்த்தது ஹெலிகோனியாவில் கோல்டன் டார்ச் என்கிற ரகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நிறைய நர்சரியில் இப்படித்தான் மாற்றிச் சொல்கிறார்கள், வாங்குகிறவர்கள் அப்புறம் இணையத்தில் ஸ்ட்ரெலிட்சியாவின் வளர்ப்பு முறையைப் படித்துவிட்டுத் தண்ணீரைக் குறைத்து, நன்றாக இருந்த செடியைக் காய வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் ஊரில் ஹெலிகோனியா களை மாதிரி வளரும். மழை இரண்டு பருவத்திலும் உண்டு, காற்றில் ஈரம் உண்டு, தென்னந்தோப்பு நிழல் உண்டு. அது பிறந்த இடமே அப்படி, மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மழைக்காட்டு ஓரங்களில் வளர்வது. ஏறக்குறைய 200 இனம் இருக்கிறது, எல்லாமே ஒரே மாதிரி இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். நண்டுக் கொடுக்கு மாதிரி சிவப்பும் மஞ்சளுமாகக் கீழே தொங்குகிற ரகம் ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும், அதற்கு உங்கள் மூன்றடிப் பாத்தி போதாது. சிறிய ரகங்கள், கோல்டன் டார்ச் உட்பட, நாலைந்து அடியில் நிற்கும், வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆனால் ஈரக்காற்றோடு வரும் வெயில் வேறு, அக்னி நட்சத்திரத்தில் திருச்சி மதிலில் பட்டுத் திரும்புகிற அனல் வேறு. மதிலுக்கு எதிரில் மாலை நாலு மணிக்கு நீங்கள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், செடிக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

ஹெலிகோனியாவில் ஒரு தண்டு ஒரே ஒருமுறைதான் பூக்கும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிட வேண்டும், பக்கக்கன்று அடுத்துப் பூக்கும், நம் வாழை மாதிரியே. நாம் பூ என்று பார்க்கிற அந்தப் பளபளப்பான படகு உண்மையில் பூவடிச் செதில், நிஜப் பூ அதற்குள்ளே சின்னதாக ஒளிந்திருக்கும். அதனால்தான் வெட்டி ஜாடியில் வைத்தாலும் பத்து நாளைக்கு மேல் அப்படியே இருக்கிறது. கல்வாழையை வெட்டி வைத்தால் மறுநாளே துவண்டுவிடும், அதன் மேல் ஜாடி ஆசை வேண்டாம். நிமிர்ந்து நிற்கிற பெரிய ஹெலிகோனியா ரகங்களின் படகில் மழைநீர் தேங்கும், கொசுப் புழுவைப் பார்த்திருக்கிறேன், வீட்டை ஒட்டி வைத்தால் அதைக் கவிழ்த்துவிடுவதும் ஒரு வேலை.

கல்வாழைக்கு வேலையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலைச்சுருட்டுப் புழு வரும். குருத்து விரியாமல் இரண்டு நாள் அப்படியே நின்றால் பக்கத்தில் போய்ப் பாருங்கள், ஓரத்தை வெள்ளை நூலால் தைத்தது போல இருக்கும். பிரித்தால் உள்ளே உடம்பு ஊடுருவித் தெரிகிற வெளிர்பச்சைப் புழு, அதன் ஈரமான எச்சத்தோடு இருக்கும். விட்டுவிட்டால் இலை விரியும்போது காகிதத்தைச் சுருட்டி ஆணி அடித்தது மாதிரி ஒரே கோட்டில் வரிசையாக ஓட்டை விழுந்திருக்கும். நான் மருந்து அடிப்பதில்லை, காலையில் ஒரு சுற்று நடந்து பிரித்து நசுக்கிவிடுவேன், 20 செடிக்கு ஐந்து நிமிடம் ஆகாது. மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தை இளங்குருத்தைத் தின்னும், எங்கள் பக்கம் அது பெரிய தொல்லை, உங்கள் ஊரில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கல்வாழையில் முதல் பூங்கொத்து உதிர்ந்ததும் தண்டை வெட்டிவிடாதீர்கள். அதே தண்டில் சற்றுக் கீழே இன்னொரு மொட்டுக்கொத்து கிளம்பும், சில தண்டில் மூன்றாவதும் வரும். வாடின பூவை மட்டும் கிள்ளி எடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு தரையோடு வெட்டுங்கள். இது தெரியாமல் முதல் இரண்டு வருஷம் பாதிப் பூவை நானே வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன், இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

பாம்பு பற்றி உங்கள் மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எந்தப் புதரானாலும் அடியில் காய்ந்த இலை குவிந்து எலியும் தவளையும் சேர்ந்தால் பாம்பு வரும். அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த மட்டையை உரித்துவிட்டுத் தரை தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் பார்த்தால் ஹெலிகோனியாதான் அதிகம் அடரும், கிழங்கு மண்ணுக்கடியில் ஓடி நாலு அடி தள்ளிக்கூட முளைக்கும்.

உங்கள் இடத்துக்குக் கல்வாழை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஹெலிகோனியாமீது எனக்கு எவ்வளவோ பிரியம், அதனால்தான் அந்த வெயிலில் வைக்காதீர்கள் என்கிறேன்.

காவிரிக்கரை_வீடு

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி அண்ணா. பூவடிச் செதில் விஷயம் படித்துவிட்டு வாசலுக்குப் போய் பார்த்தேன், உள்ளே சின்னதாக ஒரு நிஜப் பூ இருக்கிறது!

ஆமாம், ஒன்று வாங்கிவிட்டேன், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. நர்சரி மண் பத்தாது என்று பாத்தியிலிருந்தே மண் எடுத்து ஒரு பெரிய தொட்டிக்கு மாற்றினேன். பூ அப்படியே இருக்கிறது, ஆனால் புதிதாக வந்த இரண்டு இலையும் மஞ்சளாக இருக்கிறது. பழைய இலை நல்ல பச்சை. மஞ்சள் இலையில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. தண்ணீர் கூடிவிட்டதோ என்று நான்கு நாள் ஊற்றாமல் விட்டேன், மாற்றம் இல்லை. யூரியா கொஞ்சம் போடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

வடமராட்சி_வளவு

வணக்கம் அக்கா. யூரியா போடாதேங்கோ. நான் யாழ்ப்பாணம், இந்த மஞ்சள் எங்களுக்கு நல்ல பழக்கம். பழைய இலை பச்சையாக இருந்து குருத்து மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. யூரியா கொடுக்கிற தழைச்சத்துக் குறை என்றால் கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும்.

எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் கேத்தலுக்குள் வெள்ளையாக ஒட்டும், நீங்கள் வாளி பற்றிச் சொன்னதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, சுண்ணாம்பு கூடினால் இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும், வேர் உறிஞ்சாது. ஹெலிகோனியாவுக்குக் கொஞ்சம் புளிப்புப் பக்கமான மண்தான் பிடிக்கும், அதனால் அதுதான் முதலில் காட்டிக் கொடுக்கும். கண்டியில் எங்கள் மாமி வீட்டில் அதே பூக்கன்று கரும்பச்சையாக நிற்கும், ஒரு பராமரிப்பும் இல்லை. அங்கிருந்து கிழங்கு கொண்டுவந்து நான் மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் குருத்து வெளிறித்தான் வந்தது. நாலாவது முறைதான் மழைத் தண்ணியைத் தொட்டியில் பிடித்து அதற்கென்று வைத்து ஊற்றினேன், இப்போது பரவாயில்லை. கல்வாழை அதே கிணற்றுத் தண்ணியில் அதே மண்ணில் ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது. சிங்களத்தில் அதைப் புத்சரண என்பார்கள், வடிவான பெயர் அல்லவா, புத்தரின் சரணம்.

அக்கா, உங்கள் பாத்தியில் கலவை போட்டதாக எழுதியிருந்தீர்கள், எனக்கு அதில்தான் சந்தேகம். சீமெந்தும் பூச்சும் மண்ணோடு கலந்தால் சுண்ணாம்பு ஏறிவிடும். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கோ. மதிலுக்குக் கிட்ட ஒரு பிடி மண், மாமரப் பக்கம் ஒரு பிடி மண், இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் நன்றாகக் காய வைத்து மேலே இரண்டு தேக்கரண்டி வினாகிரி விடுங்கோ. நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

கொங்கு_நாற்றங்கால்

வணக்கமுங்க. கோவைப் பக்கம் சின்னதாக நாற்றங்கால் வைத்திருக்கிறேன், இரண்டும் விற்கிறேன், அதனால் எனக்கு எதை வாங்கினாலும் ஒன்றுதான்.

அந்த மஞ்சளுக்கு உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) என்று கேளுங்க, கொடுப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு இலை இரண்டு பக்கமும் நனைகிற மாதிரி தெளிங்க. பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. கரைசலை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், வைத்திருந்தால் காவி நிறமாகிவிடும், அப்புறம் பயன் கிடையாது. டைல்ஸ் தரை பக்கத்தில் இருந்தால் கோணி விரித்துக்கொள்ளுங்க, கறை போகவே போகாது. மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் பிடித்துக்கொள்ளும், இலையில்தான் தெளிக்கணும். ஆனால் இது கைவைத்தியம்தான், மண்ணும் தண்ணீரும் மாறாமல் ஒவ்வொரு குருத்துக்கும் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிடும்.

கல்வாழை வாங்குவதற்கு முன்னால் ஒன்று சொல்லியே ஆகணும், இதை வாங்குகிற யாருமே பார்ப்பதில்லை. கல்வாழைக்கு வைரஸ் நோய் இருக்கிறது. நடு நரம்பிலிருந்து ஓரம் வரை மஞ்சள் கோடு விட்டுவிட்டுத் திட்டுத்திட்டாக ஓடும், இலை சுருங்கும், பூவிலும் நிறம் உடைந்து தெரியும். கிழங்கோடு கிழங்காகவே பரவுவது, மருந்து கிடையாது. வந்துவிட்டால் தோண்டி எரிக்க வேண்டியதுதான், வெட்டின கத்தியையும் கழுவணும். பிறவியிலேயே மஞ்சள் வரி உள்ள ரகமும் ஒன்று உண்டு, ஆரஞ்சுப் பூ பூக்கும், அதில் வரி வாய்க்கால் வெட்டினது போல ஒழுங்காகச் சீராக எல்லா இலையிலும் இருக்கும். அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகினால் தெரிந்துவிடும். அதனால் வெறும் கிழங்காக வாங்காதீங்க, நாலு இலை விட்ட செடியாகப் பார்த்து வாங்குங்க. இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி மாதிரி இருந்தால் அது துரு நோய், அது அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, அந்த இலையை வெட்டி எடுத்துவிட்டு மேலே தண்ணீர் தெளிக்காமல் அடியில் ஊற்றினால் அடங்கிவிடும்.

நட ஆடி நல்ல மாதம். உங்கள் 22 அடிக்கு இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று எதிரே வராமல் மாற்றி மாற்றி, செடிக்குச் செடி 2 அடி விட்டால் ஒரு இருபது செடி போதும். நெருக்கமாக வைத்தால் முதல் வருஷம் அழகாக இருக்கும், மூன்றாம் வருஷம் கிழங்கு ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் பூ சிறுத்துவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து, கண்ணுள்ள கிழங்காகப் பார்த்து மறுபடி நடணும். அரை அடிக்குக் கீழே புதைக்க வேண்டாம். தீனி நிறையக் கேட்கிற செடி, மாதம் ஒரு கை மண்புழு உரம் போடுங்க.

சமையலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று சொல்லவில்லையே? பாத்திரம் கழுவுகிற தண்ணீரைக் கல்வாழைக்குத் திருப்பிவிடுவது நம் பக்கம் ரொம்ப நாளாகச் செய்வதுதான், ஈரம் எவ்வளவு இருந்தாலும் அழுகாது, கழிவுநீர்ப் பாத்திகளில்கூட அதைத்தான் நடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் ஒரு வலைத்தொட்டியில் நிறுத்திவிட்டு விடுங்க.

குமரி_மண்

வைரஸ் பற்றிச் சொன்னது மிகச் சரி, நான் அதை விட்டுவிட்டேன். கிழங்கு சந்தேகமாக இருந்தால் விதை போட்டும் பார்க்கலாம். அந்தக் கருப்பு மணி கல் மாதிரி இருக்கும், அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு பக்கம் உப்புத்தாளில் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, ஒரு நாள் வெந்நீரில் ஊறப் போட்டால் முளைத்துவிடும். தாய்ச்செடியின் நிறமே வரும் என்று சொல்ல முடியாது, என்ன நிறம் வருகிறது என்று காத்திருப்பதே எனக்குப் பிடிக்கும். அர்ஜென்டினாவில் ஒரு பழைய கல்லறையில் கிடைத்த கிலுகிலுப்பைக்குள் இருந்த கல்வாழை விதை சுமார் 600 வருஷம் கழித்து முளைத்திருக்கிறது. அவ்வளவு கெட்டியான ஓடு.

காவிரிக்கரை_வீடு

சோதனை செய்துவிட்டேன். மாமரப் பக்கத்து மண்ணில் வினிகர் சும்மா ஊறிப் போனது. மதிலோர மண்ணில் சோடா ஊற்றியது போல சொய் என்று நுரைத்தது, மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்று காலை ஆள் வைத்து மதிலோரம் ஒன்றரை அடி தோண்டினால், மேலே நான் போட்ட செம்மண்ணுக்குக் கீழே கலவை கொட்டின இடம் முழுக்க ஒரு பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது. மூன்று மூட்டை வாரி வெளியே போட்டிருக்கிறோம், இன்னும் பாதி நீளம் பாக்கி. யாழ்ப்பாணத்திலிருந்து என் வீட்டு மதிலடியைப் பார்த்த மாதிரி சொல்லிவிட்டீர்கள் தம்பி, தங்கையா என்று தெரியவில்லை, ரொம்ப நன்றி.

முடிவு இதுதான். வெயில் விழுகிற 17 அடிக்கும் கல்வாழை, சிவப்பும் மஞ்சளும் மட்டும், அம்மா காட்டிய அந்த இரண்டு நிறம் போதும். வேலை முடிந்ததும் சமையலறைக் குழாயை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறேன். தொட்டியில் இருக்கிற ஹெலிகோனியாவைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. மாமர மூலையில், அடி வெட்டின பழைய நீல டிரம் ஒன்றைப் பாதி நீளத்துக்கு மண்ணில் புதைத்து, அதற்குள் மாமரத்தடி மண்ணையும் இலைமட்கையும் போட்டு வைக்கலாம் என்று இருக்கிறேன், ஓடினாலும் டிரம்முக்குள்ளேயே ஓடட்டும். தண்ணீருக்கு மாடியிலிருந்து இறங்குகிற மழைநீர்க் குழாய் அந்த மூலையில்தான் இருக்கிறது, ஒரு பேரல் வைத்துவிடுகிறேன். அன்னபேதி நேற்றுச் சாயங்காலம் ஒரு தடவை தெளித்தாயிற்று.

ஒரு சந்தேகம் மட்டும். இப்போது இருக்கிற பூவோடேயே டிரம்முக்கு மாற்றலாமா, வெட்டிவிட்டு மாற்றணுமா?

குமரி_மண்

பூத்த தண்டை வெட்டி ஜாடியில் வைத்துவிடுங்கள், அது இனிமேல் செடிக்கு உதவாது. பக்கத்தில் எத்தனை குருத்து வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், இரண்டுக்கு மேல் இருந்தால் தைரியமாக மாற்றலாம். தொட்டி மண்ணை முழுக்க உதறிவிடுங்கள், அது அந்த மதிலோர மண்தானே. ஆனால் மாலையில் செய்யுங்கள், முதல் பத்து நாள் வாழைச்சருகு ஏதாவது கட்டி நிழல் கொடுங்கள். மே மாத வெயிலுக்குக் காத்திருந்து படம் போடுங்கள், கல்வாழைக்கும் சேர்த்து.